காரோ மலையில் ஐந்து ரந்தே நிலம்

கேள்வி: பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 61. இந்தோனேசியாவின் மேடானில் வேன் ஓட்டும், காரோ இனத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவரோடு 12 ஆண்டுப் பழக்கம். அவர் செம்பிரிங் மெலியாலா குலத்தைச் சேர்ந்தவர். வட சுமாத்திராவில், சினாபுங் எரிமலை தெரிகிற தூரத்தில் இருக்கும் ஒரு விவசாயக் கிராமம் அவருடைய ஊர். நானும் மனைவியும் இரண்டு முறை போய்த் தங்கினோம். மனம் அங்கேயே நின்றுவிட்டது. காலஞ்சென்ற அவர் தந்தையின் பழைய மரவீடும், ஆரஞ்சும் காப்பியும் உள்ள ஐந்து ரந்தே (சுமார் அரை ஏக்கர்) நிலமும் விலைக்கு இருக்கின்றன. அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்துப் போடத் தயார். வட்டார அதிகாரி ஒப்பமிட்ட 'எஸ்.கே. சாமாட்' என்ற நிலக் கடிதம் இருக்கிறது. வெளிநாட்டவர் பெயரில் எழுத முடியாதாம். நண்பர் தன் பெயரில் எழுதிக்கொண்டு, நோட்டாரிஸ் முன்னிலையில் எனக்கு முழு அதிகாரப் பத்திரம் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? வருடத்தில் பாதியை அங்கே கழிக்க முடியுமா? மனைவி பயப்படுகிறார்.

பதில்:

அன்புள்ள ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். கொடுத்திருந்தால், அது எதற்காகக் கொடுத்த பணம் என்று இரண்டு பேரும் கையெழுத்திட்ட ஒரு தாளையாவது இந்த வாரமே வாங்கி வையுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் நண்பர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. ஊர் முழுக்கப் புழங்கும் வழியைத்தான் அவர் சொல்கிறார். ஆனால் அந்த வழி உங்கள் இருவரையும் ஒரே குழியில் தள்ளும். மேடானில் நில ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையில் எனக்குப் பல வருடங்கள் போய்விட்டன. நான் பார்த்த வழக்குகளில் மிகவும் வேதனையானவை மோசடிக்காரர்களால் வந்தவை அல்ல. நல்ல நண்பர்களுக்குள் நடந்தவை.

இந்தோனேசியாவின் நிலச் சட்டத்துக்கு அடிப்படை 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம். நம் ஊரில் பட்டா நிலம், சொந்த நிலம் என்று சொல்வதற்கு ஈடான முழு உரிமைக்கு அங்கே 'ஹாக் மிலிக்' என்று பெயர். தனி மனிதர்களில் இந்தோனேசியக் குடிமக்கள் மட்டுமே அதை வைத்திருக்கலாம். அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. நேரடியாகவோ மறைமுகமாகவோ அந்த உரிமையை வெளிநாட்டவர் கைக்குக் கொண்டுபோகும் எந்த ஏற்பாடும் செல்லாது. நிலம் அரசுக்குப் போகும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. 'மறைமுகமாக' என்ற அந்தச் சொல் நண்பர் பெயரில் எழுதும் இந்த ஏற்பாட்டையே குறிவைத்து எழுதியது போல் இருக்கிறது. முழு அதிகாரப் பத்திரமும் உதவாது. நிலத்தைக் கைமாற்றும், திரும்பப் பெற முடியாத 'குவாசா முத்லாக்' பத்திரங்களை உள்துறை அமைச்சரின் ஆணை 1982லேயே தடை செய்துவிட்டது. நோட்டாரிஸ் முத்திரை குத்தினாலும் செல்லாதது செல்லாததுதான்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விவசாய நிலத்தின் சொந்தக்காரர் அந்த நிலம் இருக்கும் கெச்சாமாத்தானிலேயே, அதாவது அதே வட்டாரத்திலேயே, குடியிருக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் 224ஆம் எண் அரசு விதி சொல்கிறது. ஊரில் இல்லாத முதலாளி நிலத்தை வளைத்துப்போடக் கூடாது என்பது அதன் நோக்கம். நடைமுறையில் தளர்வு உண்டு. ஆனால் தகராறு என்று வந்தால் எதிராளியின் வக்கீல் முதலில் எடுப்பது இதைத்தான். உங்கள் நண்பர் மேடான்வாசி. காரோ நிலத்தை அவரே வாங்குவதாக இருந்தாலும் இந்தக் கேள்வி எழும்.

ஈப்போவிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். இதே காரோ மலையில், வேறொரு கிராமத்தில், தனக்கு வேலை செய்தவரின் பெயரில் தோட்டம் வாங்கியிருந்தார். கடன் பத்திரம், குத்தகைப் பத்திரம், விற்கும் அதிகாரம், உறுதிமொழி என்று நான்கு தாள்கள். ஒரு பிஸ்கட் டின்னில் மடித்து வைத்திருந்தார். மேசை மேல் ஒவ்வொன்றாக விரித்து, மடிப்பைக் கையால் நீவிவிட்டுக்கொண்டே பேசினார். அந்த வேலையாள் ஒரு சாலை விபத்தில் போய்விட்டார். தோட்டம் இப்போது மனைவி, மூன்று பிள்ளைகள் பெயரில். பிள்ளைகளுக்கு இவர் யாரென்றே சரியாகத் தெரியாது; அப்பா விட்டுப்போன நிலம் என்று நினைக்கிறார்கள், சட்டப்படியும் அது அவர்களுடையதுதான். அவரிடம் இருந்த நான்கு தாள்களையும் நீதிமன்றத்தில் வைத்தால், தான் வெளிநாட்டவர் என்பதற்கும் சட்டத்தை மீறியதற்கும் தானே சாட்சி சொல்வது போல் ஆகும். அதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவனாக நான் இருந்தேன். பணத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. "அந்தப் பையனோட சாவுக்குக்கூடப் போக முடியல. கணக்குக் கேக்க வந்தான்னு நெனைப்பாங்களே" என்றார்.

நீங்கள் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அடுத்தது, நீங்கள் எழுதாத ஒன்று. அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்துப் போடுவார்கள் என்கிறீர்கள். சகோதரிகள் இல்லையா? காரோ வழக்கப்படி முன்பு தந்தையின் நிலம் ஆண்மக்களுக்கே. மணமாகிப் போன பெண்ணிடம் யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் 1961ல் இந்தோனேசிய உச்ச நீதிமன்றம் ஒரு காரோ குடும்பத்தின் வழக்கில்தான் பெண்மக்களுக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் அங்கே அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். ஊரிலோ இன்னும் சகோதரர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்பது நடக்கிறது. பத்து வருடம் கழித்து ஒரு அக்காவின் மகன் வந்து நிற்பான். ஆகவே வாங்கினாலும் சரி, வாடகைக்கு எடுத்தாலும் சரி, அந்தத் தந்தையின் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். தாய் உயிரோடு இருந்தால் அவரும்.

இனி அந்த 'எஸ்.கே. சாமாட்'. வட சுமாத்திரா முழுக்க இந்தச் சொல் வாயில் புழங்கும். கிராமத் தலைவர் எழுதி, வட்டார அதிகாரியான சாமாட் ஒப்பமிட்ட கடிதம் அது. இன்னார் இந்த நிலத்தை அனுபவித்து வருகிறார் என்று சொல்லும். உரிமைப் பத்திரம் ஆகாது. உரிமைப் பத்திரம் என்பது பி.பி.என். என்கிற நில அலுவலகம் தரும் செர்திபிகாட் மட்டுமே. ஒரே நிலத்துக்கு இரண்டு எஸ்.கே. சாமாட் இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நிலம் காட்டு எல்லைக்குள் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். காரோ மாவட்டத்தின் ஒரு பக்கம் குனுங் லெயுசெர் தேசியப் பூங்கா, இன்னொரு பக்கம் புக்கிட் பாரிசான் காப்புவனம். நாற்பது வருடமாக உழுதாலும் வரைபடத்தில் காடு என்று இருந்தால் செர்திபிகாட் கிடைக்காது. நில அலுவலகத்தின் 'செந்துஹ் தனாகு' செயலியில் பதிவான மனைகளின் எல்லை தெரியும். அதில் அந்த இடம் வெறுமையாக இருந்தால், வேலை இன்னும் தொடங்கவே இல்லை என்று பொருள்.

அளவையும் நேரில் பாருங்கள். ஒரு ரந்தே என்றால் 20 மீட்டருக்கு 20 மீட்டர், 400 சதுர மீட்டர். 25 ரந்தே சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். ஐந்து ரந்தே என்று வாயால் சொல்வது நாடாவைப் பிடித்தால் நாலரையாக இருக்கும், சில சமயம் ஆறாகவும் இருக்கும். எல்லைக்கு வேலி தேடாதீர்கள். சிவந்த இலை விட்ட ஒரு செடி வரிசை, ஒரு பழைய காப்பி மரம், ஒரு வாய்க்கால், இவ்வளவுதான். நாலு பக்கத்து நிலக்காரர்களையும் கூட்டிக்கொண்டு நடந்து, 'ஜீரான் செபாடான்' என்று அவர்கள் சொல்லும் அந்த எல்லைச் சாட்சிகளின் கையெழுத்தை வாங்க வேண்டும். இதைக் குடும்பத்தார் செய்யட்டும், நீங்கள் கூட நடந்தால் போதும். அந்த ஒரு நாளில் அந்த நிலத்தின் கதை முழுக்கத் தெரிந்துவிடும். யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் தெரிந்துவிடும்.

சினாபுங்கைப் பற்றி மனைவி பயப்படுவது நியாயம். பல நூற்றாண்டுகள் அமைதியாக இருந்த மலை அது. 2010 ஆகஸ்டில் விழித்தது. 2014 பிப்ரவரியில் குறைந்தது 16 பேர், 2016 மே மாதத்தில் குறைந்தது 7 பேர், சூடான சாம்பல் மேகத்தில் இறந்தார்கள். பெரும்பாலும் தடுக்கப்பட்ட எல்லைக்குள் போனவர்கள். 2016ல் இறந்தவர்கள் தங்கள் தோட்டத்தைப் பார்க்கப் போன விவசாயிகள். சுகமெரியா, பெக்கெரா, சிமாச்செம் ஆகிய ஊர்களை அப்படியே கைவிட்டு மக்களை சியோசாரில் குடியமர்த்தினார்கள். மலையை ஒட்டிய நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் காரணம் அதுதான். உங்கள் ஊர் ஆபத்து வரைபடத்தில் எந்த வளையத்தில் இருக்கிறது என்று கபன்ஜாஹேயில் மாவட்டப் பேரிடர் அலுவலகத்தில் கேளுங்கள், காட்டுவார்கள். மலை அடங்கியிருக்கும் காலத்திலும், மழை பெய்தால் மேலே கிடக்கும் சாம்பலும் பாறையும் ஆற்றுவழியே சேறாக இறங்கும். ஆற்றோரம் என்றால் நான் வாடகைக்குக்கூட எடுக்கச் சொல்ல மாட்டேன்.

சரி, அங்கே வாழவே முடியாதா? முடியும். சட்டம் திறந்து வைத்த கதவு வழியாகப் போகலாம்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி வாடகை. வீட்டையும் அதைச் சுற்றியுள்ள மனையையும் மட்டும், ஐந்து அல்லது பத்து வருடத்துக்கு, உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். நோட்டாரிஸ் முன் எழுதும் இந்த 'செவா' ஒப்பந்தத்தை வெளிநாட்டவர் தாராளமாகச் செய்யலாம். வாரிசுகள் எல்லாரும் ஒரு பக்கம், நீங்கள் மறுபக்கம். வீட்டுக்காரர் இறந்தாலும் நிலம் கைமாறினாலும் வாடகை தொடரும் என்று எழுதுங்கள். விற்பனை வாடகையை முறிக்காது என்று அவர்களுடைய சிவில் சட்டத்தின் 1576ஆம் பிரிவே சொல்கிறது என்றாலும், தாளில் இருந்தால் ஊருக்கும் புரியும். வருடாந்தர நிலவரியை யார் கட்டுவது, நீங்கள் கட்டும் குளியலறை கடைசியில் யாருக்கு, எரிமலைக்காக ஊரைக் காலி செய்யச் சொன்னால் மீதி வாடகை என்ன ஆகும், இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதே இல்லை. ஆரஞ்சும் காப்பியும் அண்ணன் கையிலேயே இருக்கட்டும். சுற்றுலாவாக வந்தவரோ ஓய்வுக்காலத் தங்கல் அனுமதியில் இருப்பவரோ வேலை செய்யக் கூடாது, சொந்தத் தோட்டமானாலும். காரோ ஆரஞ்சைப் பழ ஈயும் விலை வீழ்ச்சியும் படுத்தும் பாட்டைப் பெராஸ்தாகியின் ரோகா சந்தையில் ஒரு காலைப்பொழுது நின்றாலே புரிந்துகொள்ளலாம்.

குடும்பத்திடம் செர்திபிகாட் இல்லை அல்லவா? அதை எடுக்க ஆகும் செலவை வாடகை முன்பணமாகக் கொடுங்கள். அவர்களுக்கு என்றைக்கும் நிலைக்கும் ஒரு தாள் கிடைக்கும், உங்களுக்கும் ஒப்பந்தத்துக்கு அடியில் உறுதியான தரை கிடைக்கும்.

'ஹாக் பகாய்' என்று ஒரு பயன்பாட்டு உரிமை உண்டு, உங்கள் பெயரிலேயே பதிவாகும். இன்னொருவரின் ஹாக் மிலிக் நிலத்தின் மேல் என்றால் 30 ஆண்டு வரை, பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் அதற்குக் குடிவரவு ஆவணங்கள் வேண்டும், தகுதி போனால் ஒரு வருடத்துக்குள் விட்டுவிட வேண்டும், வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாநிலவாரியாகக் குறைந்தபட்ச விலையும் வைத்திருக்கிறார்கள். ஒரு மலைக்கிராமத்து மரவீடு அந்த விலையை எட்டாது. நிறுவனம் தொடங்கி வாங்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், நிலமும் கட்டடமும் நீங்கலாக 1,000 கோடி ரூப்பியாவுக்கு மேல் முதலீடு கேட்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களில் இந்தோனேசியரை மணந்தவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை: சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் இல்லாவிட்டால் உங்கள் துணையின் ஹாக் மிலிக்கும் ஆட்டம் காணும். திருமணத்துக்குப் பிறகும் அதைச் செய்யலாம் என்று 2016ல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தங்கும் நாள் கணக்கு எளிது. மலேசியக் குடிமகனுக்கு விசா இல்லாமல் 30 நாள், நீட்டிக்க முடியாது. வந்திறங்கியதும் 5 லட்சம் ரூப்பியா கட்டி வாங்கும் விசா 30 நாள், ஒரு முறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். கூடுதலாகத் தங்கினால் நாளொன்றுக்கு 10 லட்சம் ரூப்பியா தண்டம். வருடத்தில் பாதி என்றால் ஓய்வுக்காலத் தங்கல் அனுமதி ஒரு வழி. ஆனால் அதை இப்போது எடுக்காதீர்கள். இரண்டு தடவை போய், விருந்தாளியாக நாலைந்து நாள் இருந்திருக்கிறீர்கள். ஜூலையில் ஒரு மாதம், நவம்பரில் ஒரு மாதம், சமைத்துத் துவைத்து இருந்து பாருங்கள். நவம்பரில் அந்த மலை வேறு மலை. மேடானிலிருந்து ஏறும் சாலை சிபொலாங்கிட் வளைவுகளில் மழைக்கு மண் சரியும். 2024 நவம்பரில் வண்டிகள் மேலேயே சரிந்து உயிர்கள் போயின. இரவில் நெஞ்சுவலி என்றால் கபன்ஜாஹே மருத்துவமனைக்கு யார் வண்டி எடுப்பார்கள் என்று பெயரோடு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊருக்குள் நுழைந்ததும் கிராமத் தலைவர் வீட்டுக்கு முதலில் போங்கள். விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பல ஊர்களில் பலகையே இருக்கும். கடவுச்சீட்டு நகலைக் கொடுத்து, ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டு வந்தால் போதும்.

அப்புறம் உங்களிடம் நிச்சயம் கேட்பார்கள், "உங்கள் மெர்கா என்ன?" என்று. குலம் கேட்டு, முறை கண்டுபிடித்து, அதன்பிறகுதான் பேச்சே ஓடும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'எர்த்துத்துர்'. உங்களுக்கு இது அந்நியமாக இருக்காது. தாயின் சகோதரன் அவர்களுக்கும் மாமா, அவர் மனைவி மாமி. மாமன் மகளை மணக்கும் முறை அங்கேயும் உண்டு, 'இம்பால்' என்பார்கள். செம்பிரிங் குலத்துக்குள் சொலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி என்று கிளைகள் இருப்பதைச் சோழ, பாண்டிய, மலையாள, பல்லவப் பெயர்களோடு சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. மேற்குக் கரையில் பாருஸ் அருகே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டினது, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினுடையது. உங்கள் நண்பரின் மெலியாலாவைக் கேட்டதும் உங்களுக்குச் சிலிர்த்திருக்கும். எனக்கும் முதல்முறை அப்படித்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஊரில் உங்களுக்கு இடம் தரப்போவது ஆயிரம் வருடத்துக் கல்வெட்டு கிடையாது. ஜம்பூர் மண்டபத்தில் நடக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்ப் பாயில் உட்கார்ந்தீர்களா என்பதுதான்.

நிலம், வாடகை எதையும் நண்பரோடு வண்டியில் போகும்போது பேசி முடிக்காதீர்கள். 'ருங்கு' வைக்கச் சொல்லுங்கள். அந்தக் குடும்பத்தில் பெண்ணெடுத்த வீட்டார், 'அனாக் பெரு', நடுவில் நின்று பேசுவார்கள். பெண் கொடுத்த வீட்டார் 'கலிம்புபு', அவர்களுக்கு மேலிடத்து மரியாதை. இத்தனை பேர் காதில் விழுந்த வார்த்தையை நாளைக்கு யாரும் மாற்ற முடியாது. நோட்டாரிஸ் தாளுக்கு முன்னால் இது நடக்க வேண்டும். நடந்தால் சகோதரிகளும் தானாகவே அந்தப் பாயில் வந்து உட்காருவார்கள்.

உங்கள் வீட்டு அம்மா சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊர்த்திருவிழாவான கெர்ஜா தஹுனில் ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிடக் கூப்பிடுவார்கள், இறைச்சிதான் அதிகம். சிம்பா மட்டும் தைரியமாக வாங்கிச் சாப்பிடலாம். அரிசி மாவுக்குள் தேங்காயும் வெல்லமும் வைத்து, இலையில் மடித்து அவித்தது. முதல் கடியிலேயே நம் வீட்டு இலைக் கொழுக்கட்டை என்று சொல்லிவிடுவார்.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு. எஸ்.கே. சாமாட் கடிதத்தின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். நண்பருக்கு எத்தனை சகோதரிகள், எங்கே இருக்கிறார்கள், தாயார் இருக்கிறாரா என்று கேட்டு எழுதுங்கள். நண்பரிடம் இந்தக் கடிதத்தைப் படித்தே காட்டலாம், மறைக்க ஒன்றுமில்லை. அவர் பெயரில் எழுதினால் அவர் பிள்ளைகளுக்கும் வம்பு வரும் என்பது அவருக்கும் புரியும்.

அம்மாவுக்கு என் வணக்கம். ஜூலையில் போகும்போது கம்பளிச் சட்டை ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மரவீட்டில் விடியற்காலைக் குளிர் பலகை இடுக்கு வழியாக நேரே உள்ளே வரும்.